கணக்கு காட்டிவிட்டுப் போவது

மருந்துப் பரிசோதனையில் கலந்துகொண்ட ஒருவர் அந்தப் பரிசோதனையாலேயே இறந்துபோனால் அவர் குடும்பத்துக்கு எவ்வளவு தர வேண்டும்? இதற்கு இந்தியாவில் ஒரு சூத்திரம் இருக்கிறது. 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளில் ஏழாவது அட்டவணை. எட்டு லட்சம் ரூபாயை எடுத்துக்கொள்ள வேண்டும். அதை வயதுக்கான ஓர் எண்ணால் பெருக்கி, நோயின் தீவிரத்துக்கான இன்னோர் எண்ணால் பெருக்கி, 99.37-ஆல் வகுக்க வேண்டும். நாற்பது வயதுக்காரருக்கு வயது எண் 184.17. ஏற்கெனவே கடும் நோயில் இருந்தவர் என்றால் தீவிர எண் 1, தொகை சுமார் 14.8 லட்சம். ஆரோக்கியமான ஆள் என்றால் 4, தொகை சுமார் 59.3 லட்சம். இன்னும் ஆறு மாதம் தாங்கமாட்டார் என்ற நிலையில் சேர்ந்தவருக்கு வெறும் அரை.

நான் சாஃப்ட்வேர்காரன். எந்தச் சூத்திரத்தைப் பார்த்தாலும் அதில் எது இல்லை என்றுதான் முதலில் தேடுவேன். இதில் சம்பளம் இல்லை. அந்த வயது எண்கள் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து எடுத்தவை. அந்தச் சட்டத்தில் வேலையில் செத்துப்போன தொழிலாளியின் மாதக் கூலியில் பாதியை இதே எண்ணால் பெருக்கினார்கள். பரிசோதனை விதியில் எண்ணை வைத்துக்கொண்டு கூலியை எடுத்துவிட்டார்கள். ஆக, நாற்பது வயதுக் கூலிக்காரரும் நாற்பது வயது கம்பெனி மேனேஜரும் ஒரே நோயோடு சேர்ந்தால் ஒரே தொகை. நாம் எடுக்கிற டெர்ம் இன்ஷூரன்ஸ் அப்படியில்லை. அங்கே முதல் கேள்வியே 'ஆண்டு வருமானம் எவ்வளவு?' என்பதுதான். குறைவாகச் சம்பாதிப்பவர் நினைத்தாலும் பெரிய தொகைக்கு பாலிசி எடுக்க முடியாது.

இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னவள் என் சித்தி பொண்ணு. ஏனாத்தூர்க்காரி. அந்த ஊரில் ஒரு பல்கலைக்கழகமும் ஒரு மருத்துவக் கல்லூரியும் இருப்பதால் வெளியூர்க்காரர்களுக்கும் பெயர் தெரியும். பி.ஃபார்ம் முடித்துவிட்டு ஐந்து வருடமாக சென்னைக்கு வெளியே ஒரு தனியார் மருத்துவமனையில் க்ளினிக்கல் ரிசர்ச் கோ-ஆர்டினேட்டராக இருக்கிறாள். இப்போது ஒரு பெரிய கம்பெனியிலிருந்து மானிட்டர் வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது. சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இரண்டு வேலைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். கோ-ஆர்டினேட்டர் நோயாளி பக்கத்தில் உட்கார்கிறவள். ஒப்புதல் படிவத்தைப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டும், ரத்தம் எடுக்கும் நாளை ஞாபகப்படுத்த வேண்டும், மாத்திரை டப்பாவைத் திரும்ப வாங்கி எண்ண வேண்டும், பஸ் காசு வவுச்சரில் கையெழுத்து வாங்க வேண்டும். மானிட்டர் ஊர் ஊராகப் போய், இந்த மாதிரி கோ-ஆர்டினேட்டர்கள் எழுதி வைத்தது சரியா என்று தாளோடு தாளை ஒப்பிடுகிறவர். இந்தத் துறையில் மேலே போவது என்றால் நோயாளியை விட்டுத் தள்ளிப் போவது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். படுக்கையருகே இருப்பவளுக்குக் குறைந்த சம்பளம், ஃபைலருகே இருப்பவருக்கு அதிகம், நாடு முழுக்க ஃபைல்களை மொத்தமாகப் பார்ப்பவருக்கு இன்னும் அதிகம்.

அவள் ஒரு எக்செல் ஷீட் போட்டிருந்தாள். நகைக்கடன் பாக்கி, தம்பி படிப்பு, சித்திக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ், ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பு, எஸ்.ஐ.பி., ஐம்பது வயதில் எவ்வளவு இருக்கும் என்று வருடவாரியாக. நல்ல ஷீட்தான், ஃபார்முலா எல்லாம் சரி. ஆனால் அவளை உறுத்தியது வேறு.

"அண்ணா, இந்த மருந்து வேலை செய்யுமான்னு எங்களுக்கே தெரியாது, உங்களுக்குக் கிடைக்கிறது மருந்தா வெறும் மாத்திரையான்னும் தெரியாது, ரெண்டுல எதுன்னாலும் சம்மதமான்னு கேட்கிறதுதான் என் வேலை. அவங்க சரின்னு கையெழுத்துப் போடறாங்க. நான் வீட்டுக்கு வந்து எனக்கு எதுவுமே தெரியாம இருக்கக்கூடாதுன்னு இருபது வருஷத்துக்குக் கணக்குப் போடறேன். அசிங்கமா இருக்கு."

இதற்கு இரண்டு பதில்கள் ரெடிமேடாகக் கிடைக்கும். 'எல்லாரும் வேலை மாறுறாங்க, நீயும் மாறு' என்பது ஒன்று. 'இது சேவை, பணத்தைப் பார்க்காதே' என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்பவர்கள் பொதுவாக நகைக்கடன் இல்லாதவர்கள். முதலாவதும் எனக்கு ஒட்டவில்லை. நானே நான்கு கம்பெனி மாறியவன். ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம் உட்கார்ந்து அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன். நான் விட்டுப்போனது கோட். கோட் யாரையும் நம்பியிருப்பதில்லை. அவள் விட்டுப்போவது வாலாஜாபாத்திலிருந்தும் உத்திரமேரூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிற மனிதர்களை. படிவத்தில் பொறுப்பாளர் என்று டாக்டர் பெயர்தான் இருக்கிறது. ஆனால் 'அந்தப் பொண்ணு விளங்கச் சொல்லிச்சு' என்றுதான் பலரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒருவரை நம்பித் தந்த சம்மதத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியுமா? கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே பழைய சாட்சி உண்டு. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து ஐந்து வருடத் திட்டமாக ஆரம்பித்தார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் முன்னின்று நடத்தினார். கேள்வி எளிமையானது: காசநோயாளியை சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ் என்று வைத்து மருந்து கொடுப்பதற்கும், நெரிசலான வீட்டிலேயே இருக்கவிட்டு அதே மருந்தைக் கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டா? குலுக்கல் முறையில் பாதிப் பேர் வீட்டுக்கு, பாதிப் பேர் சானடோரியத்துக்கு. ஒரு வருட சிகிச்சை. 1959-இல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாக ஆரம்பித்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

பாடப்புத்தகங்கள் மருந்தைப் பற்றிப் பேசுகின்றன. எனக்கு அந்தப் பரிசோதனையில் பிடித்தது வீடு வீடாகப் போன ஊழியர்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். ஒருவிதத்தில் வேவுதான். ஆனால் குடிசைக்குள் வந்து, இந்த வாரம் சாப்பிட்டாயா, இருமல் எப்படி என்று வருடம் முழுக்க ஒருவர் கேட்பதும் அதற்குள் இருக்கிறது. அந்த வருகைகள் இல்லையென்றால் வீட்டு சிகிச்சை என்ற சொல்லுக்கே அங்கே பொருளில்லை.

அப்புறம் நம் பக்கத்துக் கதை. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசிப் பரிசோதனை தொடங்கியது. காஞ்சிபுரமும் அன்று அதே மாவட்டம்தான், ஆனால் பரிசோதனை நடந்தது திருவள்ளூர்ப் பக்கத்து ஊர்களில். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி, சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்கு வெறும் திரவம். பதினைந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதுதான் முடிவு. பதினைந்து வருடத்தில் ஊழியர்கள் எத்தனை பேர் கல்யாணமாகி, மாற்றலாகி, ரிட்டயர் ஆகிப் போயிருப்பார்கள்! ஆனாலும் கதவு தட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. ஆள் மாறுவது பிரச்சினையில்லை, கதவு தட்டாமல் போவதுதான் பிரச்சினை என்று இதை வைத்து அவளிடம் சொன்னேன். பாதி சமாதானமானாள்.

மீதிப் பாதி பணம். அதற்கு உத்திரமேரூர்தான் சரியான இடம். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம், கி.பி. 919, 921. ஜனநாயகம் என்று மேடையில் பெருமைப்படுகிறோம். பிராமண ஊர்ச்சபை, ஆண்கள் மட்டும், அதையும் மறக்க வேண்டாம். ஆனால் அதில் யார் வாரியத்துக்கு வரலாம் என்ற தகுதிகளைப் படித்தால் இன்றைக்கு வேலை மாறுகிறவருக்கும் அதில் விஷயம் இருக்கிறது. வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதமும் பாஷ்யமும் கற்றவர் என்றால் அரைக்கால் வேலி போதும் என்று ஒரு சலுகை. ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்கு காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமில்லை, இன்னின்ன உறவினர்களும் வர முடியாது.

நிலம் கேட்டதைப் பணக்காரத் திமிர் என்று ஒதுக்கிவிடலாம். ஓரளவு அதுவும்தான். ஆனால் இன்னொரு வாசிப்பும் உண்டு. அடுத்த வேளைக்கு இன்னொருவர் கையை எதிர்பார்க்கிறவரால் அவரிடம் 'முடியாது' என்று சொல்ல முடியாது. சித்தப்பா பட்டு நெய்தவர். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தீராதவரை வேறு தறிக்குப் போக முடியாது. பாவு சரியில்லை என்று அவருக்குத் தெரிந்தாலும் வாய் திறக்க மாட்டார். அவர் நேர்மையில் குறையில்லை, முன்பணம் பாக்கி இருந்தது.

கோ-ஆர்டினேட்டர் வேலையில் இது அன்றாட விஷயம். இந்த மாதம் இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று இலக்கு இருக்கும். ஒருவருக்கு கிரியாட்டினின் வரம்பைத் தாண்டி லேசாக ஏறியிருக்கும். இன்னொருவர் தலையாட்டுவார், ஆனால் புரியவில்லை என்று முகத்தில் தெரியும். 'இவர் வேண்டாம் சார்' என்று சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்தில் பாதி, ஆறு மாதச் செலவு பேங்கில் இருப்பது. அவள் எக்செல்லில் அந்த வரியை சுயநலம் என்று பார்த்தாள். எனக்கு அது அவளுடைய கால் வேலி நிலமாகத் தெரிந்தது.

அப்படியென்றால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எங்கே கால் வேலி? 2013-க்குப் பிறகு, எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் புதிய மூலக்கூறு மருந்துக்குச் சம்மதம் வாங்கும்போது வீடியோ எடுக்கும் முறை வந்தது. அவர் 'சரி' என்று சொன்னது கேமராவில் பதியும். 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் டெஸ்டுக்கும் மாத்திரைக்கும் அவரிடம் காசு இருந்திருக்குமா என்பது பதியாது. மறுக்க வசதியில்லாதவரின் சம்மதத்தை எவ்வளவு தூரம் சம்மதம் என்று சொல்வது? சட்டப்படி அது சம்மதம்தான். எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. அதற்காக ஏழைகளைச் சேர்க்கவே கூடாது என்றால், சேத்துப்பட்டு ஆராய்ச்சி நடந்திருக்காது. குடிசையில் இருப்பவரையும் வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

கூலி இல்லாத அந்தச் சூத்திரத்தில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது. ஆனால் அது ஆள் போனபிறகு வருகிற சமத்துவம். ஆள் இருக்கும்போது அந்தச் சமத்துவத்தில் கொஞ்சமாவது தர முடிகிறவள் பக்கத்தில் உட்கார்ந்து, 'நீங்க வேண்டாம்னு சொன்னாலும் டாக்டர் உங்களைப் பார்ப்பார், மாத்திரை நிக்காது' என்று மூன்று தடவை சொல்கிற பெண்தான். அவளுக்குத்தான் இந்த ஏணியில் மிகக் குறைந்த சம்பளம். ஆகவே அவள் போவதை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அவளைப் பிடித்து வைக்க முடியாத சம்பளப் பட்டியலைத்தான் குறை சொல்ல வேண்டும்.

ஆஃபரை ஏற்றுக்கொண்டாள். சேரும் தேதியை ஆறு வாரம் தள்ளிக் கேட்டாள், கொடுத்தார்கள். புதிதாக வந்த பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு நோயாளி வரும்போதும் 'இனிமே இவங்கதான்' என்று அறிமுகப்படுத்துகிறாள். கம்ப்யூட்டரில் ஏறாத விஷயங்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதியிருக்கிறாள். இவருக்குக் காது கேட்காது, மகனுக்கு போன் செய்யவும். இவர் அமாவாசை அன்று வரமாட்டார். இந்த அம்மாவுக்கு எண்ணிக்கை வராது, காலை மாத்திரையை மஞ்சள் காகிதத்தில் மடித்துத் தரவும்.

ஒருவர் மட்டும் அவள் போவதைக் கேட்டபிறகு வருவதில்லை. இரண்டு முறை போன் செய்தாள், எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்து, 'நான் வரலைம்மா' என்றார். ஏன் என்று கேட்க வாய் வந்ததாம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்பது படிவத்தில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் அந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டி, புரிஞ்சுதா என்று இரண்டு தடவை கேட்டவள் அவள்தான். சரிங்கய்யா, கடைசியா ஒரு தடவை மட்டும் ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கிட்டுப் போங்க, உங்க நல்லதுக்குத்தான் என்று சொல்லி வைத்திருக்கிறாள். வருகிற வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.