கரையில் காத்திருந்த காலைச் சாப்பாடு



சுபஹ் பாங்கு கேட்டு எழும்புகிற கத்தோலிக்கக் குடும்பங்கள் நம்முடையவை. கல்முனையில் யாரும் அலாரம் வைக்கத் தேவையில்லை, பள்ளிவாசலே எழுப்பிவிடும். அதற்குப் பிறகு குசினியில் நடப்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமா? புட்டுக்கு மா குழைக்க வேண்டும், தேங்காய் துருவ வேண்டும். மூத்தவனின் வெள்ளைச் சேட் இன்னும் காயவில்லை. சின்னவள் ஒரு சப்பாத்தைக் காணவில்லை என்று அழுகிறாள். அப்பப்பாவுக்குப் பிறஷர் குளிசை கொடுக்க வேண்டும். கட்டாரில் இருக்கிற மனுசன் கோல் எடுக்கிற நேரமும் அதுதான். இத்தனைக்கும் நடுவில் நம் கோயில் மணி அடிக்கிறது. "காலைச் செபம் சொல்ல ஆசைதான் ஃபாதர், எங்க நேரம்?" என்று தாய்மார் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். சொல்லும்போது ஏதோ பாவத்தை அறிக்கையிடுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறீர்கள்.

குசினியில் நீங்கள் ஓடித் திரிகிற அந்த நேரம் ஆண்டவர் எங்கே இருக்கிறார் என்று நினைக்கிறீர்கள்? வேலையெல்லாம் முடித்து, முகம் கழுவி, நல்ல சேலை உடுத்துக்கொண்டு நீங்கள் வரும்வரை இங்கே பீடத்தில் தனியாகக் காத்திருக்கிறாரா?

இன்றைய நற்செய்தியைப் பாருங்கள். ஆண்டவருடைய சீடர்கள் ஏழு பேர் இரவு முழுக்க வலை போட்டும் ஒன்றும் படவில்லை. கடலுக்குப் போகிற வீட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எஞ்சினுக்கு ஊற்றிய மண்ணெண்ணெய்க் காசுகூட வராத நாள் அது. கண் எரிச்சல், உடம்பு அலுப்பு, வீட்டில் என்ன சொல்வது என்ற யோசனை. இவர்களுக்கு அதற்கு மேலும் ஒரு பாரம் இருந்தது. தங்களைக் கூடவே கூட்டிக்கொண்டு திரிந்த ஆண்டவரை, அவரைப் பிடித்துக்கொண்டு போன இரவில் விட்டுவிட்டு ஓடியவர்கள் இவர்கள். பேதுருவோ அவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று தரம் சொன்னவர். அப்படிப்பட்டவர்கள் வெறும் வலையோடு கரைக்குத் திரும்புகிற விடியற்காலையில், உயிர்த்த ஆண்டவர் என்ன செய்துகொண்டிருந்தார்? அடுப்பு மூட்டி மீன் சுட்டுக்கொண்டிருந்தார்.

சாவை வென்றவர், எருசலேம் ஆலயப் படியில் ஏறி நின்று கயபாவுக்கும் பிலாத்துவுக்கும் தம்மைக் காட்டியிருக்கலாம். நாமாக இருந்தால் அதைத்தான் செய்திருப்போம். அவர் கரிநெருப்பு மூட்டினார். மீனைக் கழுவி, செதில் சீவி, குடல் எடுத்தது யார் என்று யோவான் எழுதவில்லை. மீன் தானாகச் சுத்தமாகாது என்பது மட்டும் இங்கே இருக்கிற தாய்மாருக்குத் தெரியும். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பி வந்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். முற்றத்தில் மூன்று கல்லை வைத்து, சிரட்டையும் தென்னை மட்டையும் போட்டு, கண் கலங்கக் கலங்க ஊதினீர்கள். உடுப்பெல்லாம் புகை மணத்தது. அன்றைக்குத் திபேரியக் கடற்கரையில் ஆணித் தழும்பு உள்ள கைகளிலும் கரி ஒட்டியிருந்தது, மீன் வாடை இருந்தது. அந்தக் கைகளால்தான் அவர்களுக்கு அப்பம் எடுத்துக் கொடுத்தார்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? அவர்கள் கரையேறுகிறபோதே நெருப்பின் மேல் மீன் இருக்கிறது. சாப்பாட்டுக்கு அது போதும். ஆனாலும் அவர்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்கிறார். அந்த மீனும், கரை சேருமுன் அவர் சொன்ன இடத்தில் மறுபடி வலை போட்டதால் கிடைத்ததுதான். இருந்தும் அவர்கள் கை பட்டது தமது அடுப்பில் சேர வேண்டும் என்று விரும்பினார். 153 மீன் என்று கணக்குச் சொல்லியிருக்கிறது. மறைநூல் அறிஞர்கள் அந்த எண்ணுக்குப் பல விளக்கம் சொல்வார்கள். எனக்கென்னவோ, கரைவலை இழுக்கிற நம் ஆட்களுக்கு இது சாதாரணமாகத்தான் படும் என்று தோன்றுகிறது. எண்ணாமல் எப்படிப் பங்கு பிரிப்பது? உயிர்த்த ஆண்டவர் எதிரே நிற்கிறார், ஒருவர் குந்தியிருந்து மீன் எண்ணுகிறார். ஆண்டவர் அவரைக் கண்டிக்கவில்லை. எண்ணி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டார்.

அன்புக்குரியவர்களே, கார்மேல் என்ற பெயர் நமக்குப் பழக்கமான பெயர். கார்மேல் பற்றிமாவில் படித்தவர்கள் இங்கே எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். அந்தப் பெயரைத் தாங்கிய துறவற சபையில், 17ஆம் நூற்றாண்டில், பாரிஸ் நகர மடத்தில் ஒரு சகோதரர் இருந்தார். லோறன்ஸ் என்று பெயர்; முழுப் பெயர் உயிர்ப்பின் சகோதரர் லோறன்ஸ். போருக்குப் போய்க் காலில் காயப்பட்டு, ஆயுள் முழுக்க நொண்டி நடந்தவர். 1640இல் மடத்தில் சேர்ந்தார். குருவாகவில்லை, பெரிய படிப்பும் இல்லை. மடத்துக் குசினியில் போட்டார்கள். அவருக்கோ குசினி வேலை கொஞ்சமும் பிடிக்காது. பிடிக்காத அந்த வேலையைப் பதினைந்து வருடம் போலச் செய்தார், பிறகு செருப்புத் தைத்தார். ஒருமுறை மடத்துக்கு வைன் வாங்க அனுப்பினார்கள். படகில் நடக்க முடியாமல் பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டு போய் வேலையை முடித்துக்கொண்டு வந்தாராம். நாலு பேர் நாலு பக்கம் நின்று நாலு சாமான் கேட்கிற சத்தத்திலும், நற்கருணைக்கு முன்னால் முழங்காலில் இருப்பதைப்போலவே தனக்கு இருக்கிறது என்று சொன்னவர் அவர். சட்டியில் முட்டையைத் திருப்பிப் போடுகிற வேலையையும் கடவுள் மேலுள்ள அன்புக்காகவே செய்தார். 1691இல் இறந்தார். அவருடைய கடிதங்களையும் அவர் பேசியவற்றையும் சேர்த்துப் போட்ட சிறிய புத்தகத்தைச் சபை வேறுபாடு பாராமல் இன்றும் வாசிக்கிறார்கள். அவருக்குச் சப்பாத்தைத் தொலைத்துவிட்டு அழுகிற பிள்ளை இருக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். அப்படிப் பார்த்தால் உங்கள் குசினியில் ஆண்டவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேலை இருக்கும்.

கரையைப் பற்றிப் பேசிக்கொண்டே போகும்போது உங்களில் சிலருடைய முகம் மாறுவது தெரிகிறது. நமது கரை நற்செய்தியில் வருகிற கரைபோல அமைதியான கரை மட்டும் அல்ல. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிறு காலை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைச் சுனாமி கொண்டுபோனது. பெரியநீலாவணையிலிருந்து தெற்கே போகப் போக ஆள் இழக்காத கரையோர ஊர் கிடையாது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய்க்கு முன்னால் நின்று, கடவுள் கரையில் நிற்கிறார் என்று இலகுவாகச் சொல்லிவிட என்னால் முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். விடிந்துவிட்ட பிறகும் கரையில் நிற்பவர் ஆண்டவர் என்று சீடர்களுக்குத் தெரியவில்லை என்று நற்செய்தி சொல்கிறது. தெரியாததற்காக அவர் அவர்களை விட்டுவிட்டுப் போய்விடவில்லை. உங்களில் யாருக்காவது இன்றுவரை அவரை அடையாளம் தெரியவில்லை என்றால், அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

பிறகு 2019 உயிர்ப்பு ஞாயிறு. நாடு முழுவதும் தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில், ஞாயிறு பாடசாலை முடித்துவிட்டு நின்ற பிள்ளைகளும் அவர்களில் அடக்கம். ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26 வெள்ளிக்கிழமை இரவு, நம் பக்கத்தில் சாய்ந்தமருதில், தாக்குதல் நடத்தியவர்களின் குடும்பத்தார் இருந்த வீட்டில் குண்டு வெடித்தது. அடுத்து ஊரடங்கு. 28ஆம் திகதி இறை இரக்கத்தின் ஞாயிறு. கத்தோலிக்கக் கோயில்கள் எல்லாம் பூட்டியிருக்க, கர்தினால் மல்கம் ரஞ்சித் தமது இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். யூதருக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்த சீடர்களிடம் ஆண்டவர் வந்தது அன்றைய நற்செய்தி. நாமும் கதவைப் பூட்டிக்கொண்டுதான் அதைக் கேட்டோம். அடுத்த ஞாயிறும் கொழும்புக் கோயில்கள் திறக்கவில்லை. இன்று நாம் வாசித்த இந்தக் கடற்கரைப் பகுதிதான் அந்த ஞாயிறுக்குரிய நற்செய்தி.

அந்தச் சாய்ந்தமருது வீட்டிலிருந்து 15 சடலங்கள் எடுத்தார்கள். அவற்றில் 6 சிறு பிள்ளைகளுடையவை. சீயோன் பிள்ளைகளுக்காக நாம் செபமாலை சொன்னோம், மெழுகுதிரி கொளுத்தினோம். அந்த ஆறு பிள்ளைகளுக்காக ஒரு அருள்நிறை மரியே சொன்னோமா? என் மேல் கோபம் வந்தாலும் பரவாயில்லை, வீட்டுக்குப் போய் ஒருமுறை நெஞ்சைத் தொட்டுக் கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் செய்ததற்குப் பிள்ளைகள் என்ன செய்யும்? இரக்கம் என்ற சொல்லை நாம் பாடலிலும் மன்றாட்டிலும் நிறையச் சொல்கிறோம். அது போய் முட்டி நிற்கிற இடம் ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும்.

அந்த நாட்களில் முஸ்லிம் மீன் வியாபாரிகள் நம் தெருக்களுக்கு வரத் தயங்கினார்கள். ஊரடங்கு தளர்ந்து சில நாளாயிற்று. சைக்கிளில் றெஜிபோம் பெட்டி கட்டி வருகிற ஒரு நானா, வழக்கமாக ஹோன் அடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வருகிறவர், ஒழுங்கை முகப்பில் இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடி நின்றாராம். ஹோன் அடிக்கவில்லை. நம் பங்கைச் சேர்ந்த வயதான அம்மா ஒருவர் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"என்ன நானா, ஹோன் பழுதா?"

"ஹோன் இரிக்கி அக்கா. வாங்குவீங்களோ என்னவோ எண்டுதான்…"

"சோறு வடிச்சாச்சு. கறிக்கு ஒண்டும் இல்ல. என்ன மீன்?"

கீரி மீன். ஒரு கிலோ நிறுத்துவிட்டு, மேலே ஒரு கை அள்ளிப் போட்டார். அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. மன்னிப்பு, ஒற்றுமை, நல்லிணக்கம் என்று ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து இன்னொருவர் சட்டியோடு வந்தார், அவ்வளவுதான். நம்மிடையே அந்த வாரங்களில் கூட்டங்கள் நடந்தன, அறிக்கைகள் வந்தன; அவையும் தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆண்டவர் எங்கே நின்றார் என்று என்னைக் கேட்டால், அந்த ஒழுங்கை முகப்பில், தராசுக்குப் பக்கத்தில் நின்றார் என்றுதான் சொல்வேன்.

அந்தத் திபேரியக் கரையிலும், சாப்பிட்டு முடிந்த பிறகுதான் ஆண்டவர் பேதுருவிடம் பேச்சை எடுத்தார் என்பதை மறந்துவிடாதீர்கள். தலைமைக் குருவின் முற்றத்தில் கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு மறுதலித்த மனுசன் அவர். இப்போதும் ஒரு கரிநெருப்பின் பக்கத்தில்தான் இருக்கிறார். ஆண்டவர் அவரை முதலில் குற்றம் கேட்டு, பிறகு சாப்பாடு போடவில்லை. பசியாற வைத்தார். ஈர உடுப்போடு, வயிறு நிறைந்திருந்த பேதுருவிடம் தம்மை அன்பு செய்கிறாரா என்று மூன்று தரம் கேட்டார். மூன்றாம் தரம் பேதுருவுக்கு மனம் வருந்தியது. ஆண்டவருக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னார். அதற்கு மேல் அந்த இரவைப் பற்றி ஆண்டவர் ஒன்றும் கேட்கவில்லை, தமது ஆடுகளை அவர் கையில் ஒப்படைத்தார். நமக்குள் எத்தனை பேர் பழைய விடயம் ஒன்றை முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டு, முதலில் அதைச் சரிக்கட்டிவிட்டுக் கோயிலுக்குப் போவோம் என்று வருடக்கணக்காக வெளியே நிற்கிறோம்?

சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணியிலிருந்து நான் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். எத்தனை வருடமாயிற்று என்று நான் கேட்க மாட்டேன். கடலால் வந்த கையோடு சாரத்தோடு வந்தாலும் சரி, கடை பூட்டிவிட்டுப் பிந்தி வந்தாலும் சரி, மீன் வாடை எனக்குப் பழக்கம். கைப்பிள்ளைக்காரிகளும் வெளி விறாந்தையில் நிற்க வேண்டாம். உள்ளே மின்விசிறிக்குக் கீழே இருங்கள், பிள்ளை அழுதால் அழட்டும்.