மிச்சத்துக்கு மட்டும் நீதி

இத்தாலியின் துரின் நகரத்துப் பனிக்கால ஒலிம்பிக்குக்கும் சிசிலியின் பலெர்மோவில் எங்கள் பிரான்காச்சோப் பகுதிப் பெடியன்களின் சிறைவாசத்துக்கும் என்ன தொடர்பு? இரண்டும் ஒரே சட்டத்துக்குள் கிடந்தன. 2005 டிசெம்பரில் அந்தப் போட்டிக்கான பாதுகாப்பு, செலவு பற்றி அரசாங்கம் ஓர் அவசர ஆணை போட்டது. 2006இல் அதை நாடாளுமன்றம் சட்டமாக்கும்போது போதைப்பொருள் தண்டனைகளையும் உள்ளே செருகிவிட்டார்கள். கஞ்சாவுக்கும் ஹெரோயினுக்கும் ஒரே தட்டு: ஆறு முதல் இருபது வருஷம். 2014 பெப்ரவரி 12 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் செருகலை ரத்துச் செய்தது. தண்டனை கொடியது என்பதற்காக அல்ல. ஒலிம்பிக் ஆணைக்குள் அதற்கு இடமில்லை என்பதற்காக. பழைய சட்டம் உயிர்பெற்று, கஞ்சாவுக்கு இரண்டு முதல் ஆறு வருஷம் என்றானது.

நான் அப்போது ஓய்வுபெற்ற ஒரு சட்டத்தரணியின் வீட்டில் அவரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். அதனால் எனக்கும் சட்டம் தெரியும் என்று அயலில் ஒரு நினைப்பு. எங்கள் மாடிக்கட்டிடத்தில் இரண்டு தாய்மார் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருத்தி சிசிலியக்காரி. மற்றவள் யாழ்ப்பாணத்து வேலணைப் பிள்ளை. "அண்ணை, சட்டம் மாறிட்டுதாம். என்ர பெடியனுக்கும் ஏதும் குறையுமோ?" என்று கேட்டாள்.

கிழவர் கட்டிலில் இருந்தபடியே விளக்கினார். அந்த வருஷம் மே மாதம் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றத்தின் பேராயம் ஒரு முடிவு சொல்லியிருந்தது: தீர்ப்பு இறுதியாகிவிட்டாலும், தண்டனை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதைத் திரும்பக் கணக்குப் பார்க்கலாம். சிசிலியக்காரியின் மகன் உள்ளே இருந்தான், கணக்குப் பார்த்தார்கள், வெளியே வந்தான். வேலணைப் பிள்ளையின் மகன் நாலு வருஷத்தை முழுதாக அனுபவித்து, முந்தின வருஷமே வெளியே வந்துவிட்டவன். அவனுக்கு அந்த வழி இல்லை. அதே கஞ்சா, அதே சட்டம். நல்லபிள்ளையாக இருந்து தண்டனையை முடித்ததுதான் அவன் விட்ட பிழை போல!

பிரான்காச்சோவில் போதைப்பொருளைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லேன். சான் கயெத்தானோ ஆலயப் பங்குத்தந்தை பீனோ புலிசி இந்தத் தெருப் பெடியன்களை மாஃபியாவின் கையிலிருந்து பிரித்தெடுக்கப் பார்த்தார். 1993 செப்டெம்பர் 15, அவருடைய 56ஆவது பிறந்தநாளன்று, வீட்டு வாசலில் அவரைச் சுட்டார்கள். ஏவியவர்கள் அந்தப் பகுதி மாஃபியாத் தலைவர்களான கிராவியானோ சகோதரர்கள். கொன்றவர்களில் ஒருவரான கஸ்பாரே ஸ்பட்டூசா பிறகு மனந்திரும்பியதாகச் சொல்லி, 2008 முதல் அரசுக்கு உண்மைகளைச் சொன்னார். 2023இல் நிபந்தனையோடு விடுவிக்கப்பட்டார். பாதிரியாரைக் கொன்றவனுக்கே குறைப்பு, எங்கட பெடியனுக்கு இல்லையா என்று ஊர் கொதித்தது. எனக்கு அந்த ஒப்பீடு பிடிப்பதில்லை. ஸ்பட்டூசாவுக்குக் கிடைத்தது, மனிதன் மாறினான் என்று நம்பிக் கொடுத்த சலுகை. சைவ சித்தாந்தத்தில் சொல்வோமே, பக்குவம் வந்த ஆன்மாவுக்கு அருள் பதியும் என்று, அந்த வகை. அங்கே தகுதி பார்ப்பது நியாயம். கஞ்சாத் தண்டனையில் பிழை விட்டது அரசு. தன் பிழையைத் திருத்துகிறவன், எதிரே நிற்பவன் பக்குவப்பட்டவனா என்று கேட்கக்கூடாது. அது அருள் இல்லை, கடன்.

ஆனாலும் சித்தாந்தத்தை விட்டுவிட்டு என்னால் யோசிக்க முடியவில்லை. நீதிமன்றம் செய்தது எங்கள் வினைக்கணக்கை அப்படியே ஒத்திருக்கிறது. சேர்ந்து கிடக்கும் சஞ்சிதத்தைக் குருவின் தீட்சை எரிக்கும். உடம்போடு வந்த பிராரத்தத்தை அனுபவித்தே கழிக்க வேண்டும். மிச்சத்தைக் குறைக்கலாம், அனுபவித்ததை அழிக்க முடியாது. ஊர்க்கோயில் பிரசங்கத்தில் இதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, கிழவரின் விளக்கம் ஒரு கணம் சரியென்றே பட்டது. பிறகுதான் உறைத்தது. வினைக்கணக்கில் பிழை வராது என்பதல்லவா எங்கள் நம்பிக்கை? அனுபவித்தவன் முறையிட அங்கே இடமில்லாதது அதனால்தான். ரோமாபுரியில் எழுதுகிற கணக்கில் பிழை வரும், வந்தது, அவர்களே ஒப்புக்கொண்டார்கள். பிழைவிடாத கடவுளுக்குரிய கண்டிப்பைப் பிழைவிட்ட அரசு எடுத்துக்கொள்ள முடியாது.

பிழைவிட்ட அரசு என்ன செய்ய வேண்டும் என்று சிலப்பதிகாரம் காட்டியிருக்கிறது. கண்ணகியிடம் மதுராபதித் தெய்வம் சொல்லும் கிளைக்கதை அது. திருத்தங்கால் பார்ப்பான் வார்த்திகனைக் கள்வன் என்று பிழையாகச் சிறையில் போட்டார்கள். அவன் மனைவி கார்த்திகை அழுதாள். ஐயை கோயில் கதவு திறக்க மறுத்தது. பாண்டியன் விசாரித்து, பிழை தன் ஆட்களுடையது என்று கண்டான். வார்த்திகனை விட்டதோடு அவன் நிற்கவில்லை. நிலத்தில் விழுந்து வணங்கினான், ஊர்கள் கொடுத்தான். கோயில் கதவு திறந்தது. பிறகு நாட்டின் சிறைகளையே திறக்கச் சொன்னான். வார்த்திகன் குற்றமே செய்யாதவன், எங்கட பெடியன் கஞ்சா விற்றவன். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனால் அவன் செய்ததற்கு மேலே சுமந்த வருஷங்களில் அவனும் வார்த்திகன்தான்.

போன வருஷங்களை எந்த அரசனாலும் திருப்பித் தரமுடியாது. பதிவேட்டைத் திருத்தலாம். எங்களைப் போன்ற குடிவந்தவர்களுக்கு அது வெறும் காகிதம் இல்லை. போதைப்பொருள் வழக்கில் தண்டனை என்று இருந்தால் வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பதே பெரும் பாடு. 2006 முதல் 2014 வரை அந்தச் சட்டத்தில் தண்டனையை அனுபவித்து முடித்த ஒவ்வொருவரின் பதிவிலும், இந்த அளவு செல்லாத சட்டத்தின்படி விதிக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதச் சொல்லி நாடாளுமன்றம் சட்டம் செய்யட்டும். இங்கே வாக்குரிமை உள்ள எங்கள் பிள்ளைகள் அதைக் கேட்க வேண்டும்.