வேலியோரத்து விருந்தாளிகள்

லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் ஒரு விருந்து வருகிறது. அழைக்கப்பட்டவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஒருவன் நிலம் வாங்கியிருக்கிறான், ஒருவன் ஐந்து ஏர் மாடு வாங்கியிருக்கிறான், இன்னொருவனுக்கு இப்போதுதான் கல்யாணமாகியிருக்கிறது. கோபங்கொண்ட வீட்டுக்காரர் ஊரிலுள்ள ஏழைகளையும் ஊனமுற்றோரையும் அழைத்துவரச் சொல்கிறார். அப்போதும் இடம் மீதியிருக்கிறது. வழியிலும் வேலியோரத்திலும் இருப்பவர்களைக் கட்டாயப்படுத்தியாவது கூட்டிவரும்படி வேலைக்காரனை அனுப்புகிறார். இது உவமை என்பதைக் குழந்தையும் சொல்லிவிடும். விருந்து, வீடு, வேலைக்காரன் எல்லாமே வேறெதையோ குறிக்கின்றன. அந்தக் கட்டாயம் மட்டும் கட்டாயமேதானா?

ஆம் என்றார் அகஸ்தீன். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்து ஆயர் அவர். அங்கே தொனாத்தியர் என்ற பிரிவினர் தனித் திருச்சபையாக வாழ்ந்துவந்தார்கள். அவர்களை அரசு ஆணையால் கத்தோலிக்கத் திருச்சபைக்குள் கொண்டுவரக் கூடாது என்றுதான் அவர் முதலில் நினைத்தார். பேரரசின் சட்டத்துக்கு அஞ்சித் தம் சொந்த ஊரே மாறியதைப் பார்த்தபின் மனம் மாறியதாக, 408 வாக்கில் வின்சென்டியுஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். அந்தக் கடிதத்திலேயே விருந்து உவமையின் கட்டாயம் சான்றாக வருகிறது. சில ஆண்டுகள் கழித்துப் போனிபாசியுஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், வேலியோரம் என்பது பிரிவினைகளைக் குறிக்கிறது என்று விளக்கமும் தருகிறார். வேலி உருவகம், வேலியோரத்திலிருந்து இழுத்துவருவது மட்டும் நிஜம். மரண தண்டனையை அவர் விரும்பவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அபராதத்தை அவர் எதிர்க்கவில்லை.

உவமையைச் சற்று நிதானமாகப் படித்தால் ஒன்று புலப்படும். அழைப்பை மறுத்தவர்களை யாரும் இழுத்துவரவில்லை. அவர்களுக்கு விருந்து இல்லை, அவ்வளவுதான். வற்புறுத்தப்படுகிறவர்கள், பெரிய வீட்டு வாசலில் கால்வைக்கக் கூசும் வழிப்போக்கர்கள். மறுத்தவனைத் தண்டிக்க இந்தக் கதையில் இடமே இல்லை.

இதைவிட வியப்பு, விளக்கம் சொல்லும் நெறியை அகஸ்தீனே வகுத்திருந்தார் என்பது. கிறிஸ்தவப் போதனை பற்றிய நூலில், குற்றம் செய்யச் சொல்வதுபோல் தோன்றும் கட்டளையை உருவகமாகக் கொள்ள வேண்டும் என்கிறார். வின்சென்டியுஸுக்கு எழுதிய அதே கடிதத்தில் தொனாத்தியரைக் கண்டிக்கவும் செய்கிறார். மேய்ப்பன் நண்பகலில் மந்தையை எங்கே இளைப்பாற்றுவான் என்று கேட்கும் உன்னதப்பாட்டு வசனத்தில் தென்திசையைக் கண்டு, அதையே ஆப்பிரிக்காவாக்கி, உண்மைச் சபை தங்களிடம்தான் என்று அவர்கள் வாதாடினார்கள். தெளிவான வேறு சான்று இல்லாமல் உருவகத்தைத் தனக்குச் சாதகமாக வளைப்பது வெட்கங்கெட்ட செயல் என்ற பொருளில் பதில் தருகிறார் அகஸ்தீன். நெறி கையில் இருந்தது. அதைத் தன் பக்கம் திருப்பிப் பிடிக்கத்தான் ஆளில்லை.

1685இல் பிரான்சில் பதினான்காம் லூயி, சீர்திருத்தத் திருச்சபையினருக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நாந்து ஆணையை ரத்துசெய்தார். அவர்களுடைய வீடுகளில் படைவீரர்களைக் குடியேற்றி, மதம் மாறும்வரை வதைக்கும் வழக்கம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. அகஸ்தீனின் அந்த 2 கடிதங்களையும் பிரெஞ்சில் வெளியிட்டு, அரசன் செய்வதற்கு ஆப்பிரிக்க முன்மாதிரி இருக்கிறது என்று காட்டினார்கள். ராட்டர்டாமில் அகதியாக வாழ்ந்த பியேர் பேல் என்ற அறிஞர், அண்ணன் பிரெஞ்சுச் சிறையில் இறந்த மறு ஆண்டு, விருந்து உவமையின் அந்தக் கட்டாய வசனத்தைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அவர் வாதம் சுருக்கமானது: நேர்ப்பொருளில் கொண்டால் குற்றம் செய்யக் கடமைப்படுத்தும் எந்த விளக்கமும் பொய். மூல மொழியைப் புரட்டவும் வேண்டாம், சபைப் பிதாக்களின் கருத்தைத் தேடவும் வேண்டாம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. மனச்சாட்சிதான் வேதத்தை அளக்குமென்றால் வேதம் எதற்கு? படிப்பவன் ஏற்கெனவே நம்புவதைத் திருப்பிச் சொல்லும் புத்தகமாக அது சுருங்கிவிடாதா? ஆனால் பேலின் நெறி வேதம் சொல்லும் எல்லாவற்றையும் அளக்கவில்லை. அடுத்தவன்மேல் கைவைக்க வேதத்தின் பெயரில் உரிமை கேட்கப்படும் இடத்தில் மட்டுமே தடுக்கிறது. அங்கே தடுத்துத் தவறு நேர்ந்தால் இழப்பு சிறிது. தடுக்காமல் நேர்ந்தால் மீட்க முடியாதது.

கட்டளை தன்மேல் பாயும் இடத்தில் நிலைமை தலைகீழாகிறது. உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்று இயேசு ஒரு செல்வனிடம் சொல்கிறார். அலெக்சாந்திரியாவின் கிளமெந்து இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். உதற வேண்டியது சொத்தையல்ல, சொத்தின்மேல் உள்ள பற்றை என்பது அவர் விளக்கம். அதில் நியாயமில்லை என்று சொல்ல முடியாது. கையில் ஒன்றுமில்லாதவன் பசித்தவனுக்கு எப்படிச் சோறிடுவான் என்றும் அவர் கேட்கிறார். ஆனாலும் சந்தேகம் விடாது. பணக்காரர்கள் நிறைந்த ஒரு நகரத்தில், பணக்காரர்களுக்கு இவ்வளவு இதமான உருவகம் கிடைத்தது தற்செயலா? விசுவாசிகள் உருவகத்தைத் தேடி ஓடும் வசனங்களைப் பட்டியலிட்டால், பணம், கடன், பகைவனை நேசித்தல் ஆகியவையே முன்னால் நிற்கும். பிறர் ஒழுக்கத்தைப் பற்றிய வசனங்களுக்கு அந்தச் சலுகை அரிதாகவே கிடைக்கிறது.

கிளமெந்துக்குச் சில பத்தாண்டுகள் பின், அதே எகிப்தில், அந்தோணி என்ற இளைஞர் அதே வசனம் ஆலயத்தில் வாசிக்கப்படக் கேட்டார். வெளியே வந்து பூர்வீக நிலத்தை ஊராருக்குக் கொடுத்தார், மற்ற உடைமைகளை விற்று ஏழைகளுக்குப் பகிர்ந்தார். தங்கைக்கென்று கொஞ்சம் வைத்திருந்தார். நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்ற வசனத்தை இன்னொரு நாள் கேட்டதும் அதையும் கொடுத்துவிட்டு, தங்கையை நம்பிக்கையான கன்னியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார். தன்மேல் வரும் கட்டளையை நேராக எடுத்துக்கொண்டதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது கடினம். அவர் வரலாற்றை எழுதிய அத்தனாசியுஸ் அதை அப்படித்தான் கொண்டாடுகிறார். பெற்றோரை இழந்திருந்த அந்தச் சிறுமியின் பங்கும் அந்தச் சொத்தோடு போயிற்று. அவள் சம்மதம் கேட்கப்பட்டதா என்ற பேச்சு அந்த நூலில் இல்லை.