பெயரைச் சொல்லிப் பேசுங்கள்

2004 டிசம்பர் 26. நாகப்பட்டினத்தில் பரமேஸ்வரன் – சூடாமணி தம்பதியின் மூன்று குழந்தைகளையும் சுனாமி கொண்டுபோனது. தங்கள் வீட்டிலேயே, பெற்றோரை இழந்த பிள்ளைகளை அழைத்துவந்து வளர்க்கத் தொடங்கினார்கள் இருவரும். அந்த இல்லத்தின் பெயர் ‘நம்பிக்கை’. பிறகு அவர்களுக்கு மகன்களும் பிறந்தார்கள்.

எல்லோராலும் இல்லம் தொடங்க முடியாது, தொடங்கவும் வேண்டாம். ஆனால் துக்கத்தை அடக்கிவைக்கவும் கூடாது. சென்னையை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்காரர்களுக்குத் தெரியும்: ஏரி அதன் முழு உயரமான 24 அடியை எட்டும்வரை காத்திராமல், முன்கூட்டியே மதகைத் திறந்து அளவாக நீரை விடுவதுதான் கரைக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. துக்கமும் அப்படித்தான்; அதை அவ்வப்போது பேசி வெளியே விட, பக்கத்தில் இருப்பவர்கள் இடம் கொடுக்க வேண்டும்.

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில், “இன்னொண்ணு பிறந்தா எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லாதீர்கள். ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை ஈடல்ல. காரியம் முடிந்த கையோடு ஷிஃப்டுக்குப் போகும் அப்பாவையும், “சாப்பிட்டீங்களா?” என்று கேளுங்கள். தம்பியின் பள்ளிப் பையைத் திறந்து பார்க்கும் அக்காவிடமிருந்து அதைப் பிடுங்கி ஒளிக்காதீர்கள். போன குழந்தையின் பெயரைச் சொல்லியே பேசுங்கள். என்றாவது அந்தத் தாய் தன்னை மறந்து சிரித்துவிட்டு, உடனே குற்ற உணர்வில் குறுகிப்போவாள். “சிரிம்மா, தப்பில்லை” என்று சொல்ல அன்று ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.