மாமா பார்த்தது என்ன?

2022 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. இரவு மணி ஒன்றுகூட ஆகவில்லை. வேலை விஷயமாகக் கூச்சிங்கில் தங்கியிருந்த என் தாய்மாமா குடும்பப் புலனக் குழுவில் ஒரு காணொலி போட்டார். கறுத்த வானத்தில் தீப்பொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போகின்றன. கூடவே குரல் பதிவு: "டேய் தம்பி, பறக்கும் தட்டு மாதிரி இருக்குடா. மெதுவா போவுது. ஒண்ணு இல்ல, ஏழெட்டு லைட்டு. எல்லாம் ஒரே பக்கம், ஒரே வேகம். சத்தமே இல்ல."

கெலாங் பாத்தா வீட்டில் நான் தூங்காமல்தான் இருந்தேன். பொறியியல் முதலாண்டு மாணவன். தலை கொஞ்சம் கனத்திருந்த காலம். அரை நிமிடத்தில் பதில் போட்டேன். "மாமா, அது எரிகல் பொழிவு. டெல்டா அக்குவாரிட்னு பேரு. இந்த ரெண்டு நாள்தான் உச்சம். பறக்கும் தட்டுன்னு வெளிய சொல்லிடாதீங்க, சிரிப்பாங்க." பின்னால் மூன்று சிரிப்பு முகங்கள். தங்கைகளும் ஆளுக்கு இரண்டு சேர்த்தார்கள். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் அந்தக் குழுவில் பிறந்தநாள் வாழ்த்தைத் தவிர வேறெதுவும் அவர் போடவில்லை.

காலையில் பசியாறும்போதே செய்தி வந்துவிட்டது. அது பறக்கும் தட்டும் இல்லை, எரிகல் பொழிவும் இல்லை. ஜூலை 24-ஆம் தேதி சீனா ஹைனான் தீவிலிருந்து வென்தியான் என்ற ஆய்வுக்கூடத்தைத் தன் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பியது. அதைச் சுமந்து சென்ற லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் நடுப்பகுதி ஆறு நாள் பூமியைச் சுற்றிவிட்டுக் கட்டுப்பாடில்லாமல் விழுந்தது. ஏறக்குறைய முப்பது மீட்டர் நீளம், இருபது டன்னுக்கு மேல் எடை. அது எரிந்துகொண்டே சரவாக் வான்வெளியைக் கடந்ததை நம் நாட்டு விண்வெளி நிறுவனமும் உறுதிப்படுத்தியது.

ஆக, மாமா சொன்னதும் தப்பு, நான் சொன்னதும் தப்பு. கணக்கு சமம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். சமம் இல்லை என்று புரிய எனக்கு நாளானது.

அவர் குரல் பதிவை மறுபடி கேட்டுப் பாருங்கள். மெதுவாகப் போகிறது என்றார். எரிகல் நொடிக்குப் பதினொன்று முதல் எழுபது கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் காற்றில் மோதும். கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். சுற்றுப்பாதையிலிருந்து விழும் பொருளின் வேகமோ நொடிக்கு எட்டு கிலோமீட்டருக்கும் கீழே. அதுவும் செங்குத்தாக விழாமல், குளத்தில் தட்டையாக வீசிய ஓட்டாஞ்சில்லு மாதிரி காற்றின் மேல் சாய்வாக இறங்கும். அதனால் ஒரு நிமிடம் வரைகூடக் கண்ணுக்குத் தெரியும். ஏழெட்டு விளக்கு, ஒரே பக்கம், ஒரே வேகம் என்றார். ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் உயரத்தில் ராக்கெட் உடைந்து, துண்டுகள் எல்லாம் பழைய வேகத்தோடு ஒரே பாதையில் வந்தால் அப்படித்தான் இருக்கும். சத்தமில்லை என்றார். அவ்வளவு உயரத்தில் நடப்பது நம் காதுக்கு எப்படி உடனே எட்டும்?

மாமா பார்த்ததில் ஒரு பிழையும் இல்லை. ஒரு நல்ல ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் இருக்க வேண்டிய எல்லாம் அந்தப் பதினைந்து விநாடியில் இருந்தது. அவர் வைத்த பெயர் மட்டும்தான் தவறு. நானோ வானத்தைப் பார்க்கவே இல்லை. எப்போதோ படித்த ஒரு தேதியை வைத்து, நேரில் பார்த்தவர் வாயை அடைத்தேன்.

கோயில் சமய வகுப்பில் அளவை என்று ஒரு பாடம் நடத்தினார்கள். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் அதில்தான் தொடங்குகிறது. காட்சி, கருதல், உரை: கண்ணால் காண்பது, கண்டதை வைத்து ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொல்லிக் கேட்பது. காட்சியிலேயே ஐயமும் உண்டு, திரிபும் உண்டு. இருட்டில் நிற்பது கட்டையா ஆளா என்று தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பு என்றே முடிவுகட்டிவிடுவது திரிபு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன். புலனக் குழுவில் அது உதவவில்லை. "மாதிரி இருக்குடா" என்று மாமா சொன்னது ஐயம். "அது எரிகல் பொழிவு" என்று நான் சொன்னது சுத்தமான திரிபு. அதிலும் காட்சியே இல்லாத திரிபு!

திரிபு எவ்வளவு இயல்பானது என்பதற்கு ஒரு பழைய சம்பவம் இருக்கிறது. 1968 மார்ச் 3 இரவு, சோவியத்தின் ஸோண்ட்-4 விண்கலத்தை ஏவியபோது மிஞ்சிய பாகங்கள் அமெரிக்காவுக்கு மேலே எரிந்து விழுந்தன. பலர் பார்த்தார்கள். தீத்துண்டுகள் வரிசையாகப் போயின என்று சரியாகச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் சிலர், சுருட்டு வடிவத்தில் ஒரு வாகனம் போனது, அதில் வெளிச்சமான சன்னல்கள் இருந்தன என்றார்கள். கொலராடோ பல்கலைக்கழக ஆய்வுக்குழு இதை அலசியிருக்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. சேர்ந்து நகரும் விளக்குகளைக் கண்டதும் மனம் அவற்றுக்கு நடுவே ஓர் உடலை வரைந்துவிடுகிறது. இருட்டில் தூரத்தைக் காட்ட எதுவும் இல்லை. எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது தென்னை மரத்துக்கு மேலே போவதாகத் தோன்றும். இதற்குப் படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் கிடையாது.

நண்பர்களே, இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. அதே காணொலியைப் பெரியப்பா ஒருவர் வேறு குழுக்களுக்கு அனுப்பினார். "நம் முன்னோர்களின் விமானங்கள் திரும்பி வருகின்றன, வைமானிக சாஸ்திரத்தில் எல்லாமே இருக்கிறது" என்று ஒரு வரி சேர்த்து. ராக்கெட் என்று தெரிந்த பிறகும் அவர் அதை அழிக்கவில்லை. கேட்டதற்கு, "நல்லதுக்குத்தானேப்பா, நம்ம பிள்ளைங்களுக்குப் பெருமை வரட்டுமே" என்றார்.

வைமானிக சாஸ்திரத்தை 1974-லேயே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து அறிஞர்கள் எடுத்து ஆராய்ந்துவிட்டார்கள். அந்நூல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது, அதில் உள்ள விமானங்கள் பறக்கவே முடியாதவை என்பதுதான் அவர்கள் முடிவு. அவர்கள் இந்தியர்கள்தான், நம்மைக் கேலி செய்ய வந்தவர்கள் இல்லை. எனக்குப் பெரியப்பாவின் ஆசை புரிகிறது. தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போன முதல் வருடம், நமக்கென்று பெருமைப்பட ஏதாவது கிடைக்காதா என்று நானும் ஏங்கியிருக்கிறேன். ஆனால் உண்மையை இப்படி அளந்து பார்க்கும் முறையைப் பல நூற்றாண்டுக்கு முன்பே பாட்டாக எழுதி வைத்த மரபுக்கு, ஒரு சீன ராக்கெட்டின் மிச்சத்தைக் கொண்டுவந்து மாலையாகப் போடலாமா? மாமாவின் தவறு தெரியாமல் வந்தது. என் தவறு அவசரத்தில் வந்தது. தெரிந்த பிறகும் அப்படியே விட்டு வைப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இதைப் பெரியப்பாவிடம் நேராகச் சொல்லும் தைரியம் இன்னும் எனக்கு வரவில்லை, இங்கே எழுதிவிட்டேன்.

ராக்கெட் என்று தெரிந்தால் அதிசயம் போய்விடும் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர் சரியாகத் தெரிந்தால்தான் அடுத்த கேள்வியே கேட்க முடிகிறது: யார் வீட்டுக் கூரைமேல் விழும் என்று தெரியாமல் இருபது டன்னை ஏன் விட்டார்கள்? 2022 ஏப்ரல் 2, குடி பாட்வா புத்தாண்டு இரவு, மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் லாட்போரி கிராமத்துக்குப் பக்கத்தில் பெரிய உலோக வளையம் ஒன்று விழுந்தது. அதுவும் ஒரு சீன ராக்கெட்டின் பாகம் என்றே நிபுணர்கள் கருதினார்கள். சீனாவை மட்டும் திட்டிவிட்டுப் போகவும் முடியாது. அமெரிக்காவின் ஸ்கைலேப் 1979-இல் ஆஸ்திரேலியாவில் சிதறியது. 2023-இல் அதே ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஒதுங்கிய பெரிய உருளை நாம் கைதட்டிப் பாராட்டும் இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுடையது. பறக்கும் தட்டு என்று சொல்லிவிட்டால் யாரிடமும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

அடுத்த வருடம் தீபாவளிக்கு மாமா வந்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் உட்கார்ந்திருந்தபோது அந்த ராத்திரியைப் பற்றி நானே பேச்செடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "நீ தப்பா சொன்னது பரவால்லடா. நான் என்ன பாத்தேன்னு நீ ஒரு வார்த்தை கேக்கவே இல்ல பாரு, அதான்." பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். கடைசியில் இரண்டு துண்டு பிரிந்து பின்தங்கியது, ஒன்றில் லேசான பச்சை இருந்தது. காணொலியில் அது இல்லை. அதற்குள் கைப்பேசியை இறக்கிவிட்டாராம், கண்ணால் பார்க்க.

எங்கள் ஊர் வானத்தில் நட்சத்திரம் குறைவு. தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுக விளக்கு ஒரு பக்கம், பாலத்துக்கு அப்பால் துவாஸ் மறுபக்கம். பேசிக்கொண்டிருக்கும்போதே மேற்கே ஒரு வெளிச்சம் நகர்ந்தது. "அது என்னடா?" என்றார் மாமா. தெரியவில்லை என்றேன். இரண்டு பேரும் எழுந்து நின்று பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னியது.

"சிங்கப்பூருக்குப் போற பிளேன்," என்றார்.