வீழ்ந்தவனுக்கு அயலவன் யார்?

நீங்கள் ஒரு விமான நிலையத்தில் நிற்கின்றீர்கள். உங்களுக்கு முன்னே வரிசையில் நின்ற, முன்பின் அறியாத ஒருவர் திடீரெனச் சாய்ந்து விழுகின்றார். அழைத்தாலும் பதில் இல்லை, மூச்சும் இல்லை. அருகிலே சுவரில் ஒரு பெட்டி. அதனுள் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி. நீங்கள் வைத்தியர் அல்லர். என்ன செய்வீர்கள்?

மாரடைப்பு வேறு, இதயம் திடீரென நின்றுபோவது வேறு. முன்னையதில் இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுகின்றது. பின்னையதில் பெரும்பாலும் இதயத்தின் மின்னோட்டமே ஒழுங்கு குலைந்து, கீழறைகள் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்குகின்றன. முன்னையது பின்னையதற்குக் காரணமாவதும் உண்டு. அவ்வேளை மூளைக்கு இரத்தம் செல்லாது. உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 வீதம் வரை குறைகின்றது. நடுக்கத்தை நிறுத்தி இதயத்தை மீண்டும் ஒழுங்குக்குக் கொண்டுவரவே அந்த மின்னதிர்ச்சி.

அமெரிக்காவிலே சில சூதாட்ட மண்டபங்களின் காவலாளர்களுக்கு இக்கருவியை இயக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான அதன் அறிக்கை வியப்பூட்டுவது. பிறர் பார்த்திருக்க வீழ்ந்து, 3 நிமிடங்களுக்குள் மின்னதிர்ச்சி பெற்றவர்களுள் 74 வீதத்தினர் உயிருடன் வீடு திரும்பினர். 3 நிமிடங்கள் கடந்தபின் பெற்றவர்களுள் 49 வீதத்தினரே பிழைத்தனர்.

சூதாடும் இடத்தில் வீழ்ந்தவன் பிழைத்தது எப்படி? அங்கே எப்போதும் யாரோ ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார். கவனித்தது பணத்தைக் காக்க, காத்ததோ உயிரை. பணத்தின் பொருட்டு மனிதர் அத்தனை விழிப்பாயிருக்கக் கூடுமானால், அன்பின் பொருட்டு நாம் எவ்வளவு விழிப்பாயிருக்க வேண்டும்!

“எனக்குப் பயிற்சி இல்லையே, ஏதும் பிழையாகிவிட்டால்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான அச்சம்தான். ஆனால் அக்கருவி என்ன செய்ய வேண்டுமென்று தானே பேசிச் சொல்கின்றது. இதயத்தின் ஓட்டத்தைத் தானே அறிந்து, தேவையில்லையெனில் மின்னதிர்ச்சி கொடுக்க மறுக்கின்றது. சிக்காகோ நகர விமான நிலையங்களில் இக்கருவிகள் வைக்கப்பட்டபின் 2 ஆண்டுகளில் 11 பேர் இவ்வாறு உயிர் மீட்கப்பட்டார்கள். அவர்களுள் 6 பேரைக் காப்பாற்றியவர்கள் இக்கருவியில் எப்பயிற்சியும் பெறாதவர்கள். அந்த அறுவரில் மூவர் வைத்தியப் பட்டம் பெற்றிருந்தனர். ஏனையோர் உங்களையும் என்னையும் போன்றவர்களே.

செய்வதால் வரக்கூடிய தீங்கை எண்ணி அஞ்சும் நாம், செய்யாது விடுவதால் வரும் தீங்கை எண்ணுவதில்லை. செய்யத் தவறியதும் பாவமே என்று சிறுவயது முதல் கற்றவர்கள் அல்லவா நாம்? எரிக்கோ சாலையில் விலகிச் சென்ற குருவும் லேவியனும் அடிபட்டுக் கிடந்தவனுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் போனார்கள். அதுவே அவர்கள் குற்றம். ஆபத்தில் உதவ முன்வருபவனைக் காக்கும் சட்டங்களுக்குப் பல நாடுகளில் நல்ல சமாரியனின் பெயரே வழங்குவதும் பொருத்தமானதே.

எனினும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. இதயம் திடீரென நின்றுபோவது பெரும்பாலும் நிகழ்வது விமான நிலையத்தில் அல்ல, வீட்டிலேதான். அங்கே சுவரில் பெட்டி இராது. வீழ்பவரும் அந்நியர் அல்லர். உங்கள் தந்தையாய் இருக்கலாம், துணையாய் இருக்கலாம். அப்போது உங்களிடம் இருப்பவை இரண்டு கைகளே. உடனே 1990 இலக்கத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். மார்பின் நடுவே இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்து, குறைந்தது 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். இதைக் கற்க ஒரு மாலைப்பொழுது போதும். பங்கிலே இளைஞரும் மாதரும் கூடும் நாட்களில் ஒன்றை இதற்கென ஒதுக்கலாகாதா?

கருவியைச் செய்தவர்கள் தங்கள் கடமையைச் செய்துவிட்டார்கள். வீழ்ந்தவனருகே முழந்தாளிடும் மனிதனை மட்டும் எந்தத் தொழிற்சாலையும் செய்து தராது. அந்த மனிதன் நீங்களாக இருப்பீர்களா?