இளையோர் ஒழுக்கம் குன்றியதோ?

“எங்கள் காலத்தில் பெரியோர் எதிரே அமரவும் அஞ்சினோம், இக்காலப் பிள்ளைகளோ சந்நிதியிலும் கைப்பேசியை விடுவதில்லை” என்று வருந்தாத முதியோர் நம் அவனியாபுரத்தில் அரியர். அவ்வருத்தத்தில் உண்மையும் உண்டு. ஆயினும் பணிவு வேறு, ஒழுக்கம் வேறு என்பதை அன்பர்கள் சிந்தித்தல் வேண்டும்.

பணிவு மிக்கதாகச் சொல்லப்படும் அக்காலத்து மதுரையிலேதான், எம்பெருமானார் மேல்கோட்டையில் ‘திருக்குலத்தார்’ என்று கொண்டாடிய மக்களுக்கு ஆலயக் கதவு அடைபட்டிருந்தது. 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் திரு. அ. வைத்தியநாத ஐயர் அவர்களை மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அன்று சினந்தெழுந்தோர் தீயோர் அல்லர். நாள்தோறும் அனுட்டானம் தவறாத ஆசாரசீலர்கள். பெரியோர் சொல்லை மீறாமையே அவர்களைத் தடுத்தது எனலாம்.

இனி 2017 சனவரியை நினைக்க. சல்லிக்கட்டின் பொருட்டு மதுரைத் தமுக்கத்தில் இளைஞர் இரவு பகலாய் அமர்ந்திருந்தனர். தலைவர் என்று ஒருவர் இல்லை. ஆயினும் பெண்டிரும் குழந்தைகளும் அச்சமின்றி அவர்களிடையே இருந்தனர். அவர்கள் வேண்டியதும், வியப்பன்றோ, முன்னோர் வழக்கம் ஒன்றையே! பிப்ரவரி 5-ஆம் நாள் நம் ஊர் வாடிவாசல் மீண்டும் திறந்தது.

இளையோரிடம் குடிப்பழக்கம் மிகுந்தது என்பர். மறுப்பதற்கில்லை. ஆனால் 2003-ஆம் ஆண்டில் மதுச் சில்லறை விற்பனையை அரசே ஏற்றபோது வாளாவிருந்தோர் இப்பிள்ளைகள் அல்லர், இவர்தம் தந்தையர்.